முதல்ல பேரு, அப்புறம் உத்தரவு

காமயகவுண்டன்பட்டியில் பாண்டீஸ்வரிக்குப் பயம் என்று ஒன்று இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் சுருண்டு கிடந்த சாரைப்பாம்பைக் கையிலிருந்த குச்சியால் தூக்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கொத்து நறுக்கியவள். ஊருக்குள் முதன்முதலாக ட்ரோனைப் பறக்கவிட்டவளும் அவள்தான். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு காரியம் மட்டும் வராது. கட்டின புருஷன் பேரை வாயால் சொல்ல வராது.

சிரிக்காதீங்க. உங்க வீட்டிலேயே எத்தனை பேர் இருக்காங்க என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சிரிங்க.

அவள் பிரசவத்துக்குப் போன இடத்தில் நர்ஸம்மா, "புருஷன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். இடுப்பு வலி உயிரைப் பிடுங்குகிறது. அந்த நேரத்திலும் இவள், "எங்க குலசாமி பேருதான்" என்றாள். நர்ஸம்மாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோயில். இவள் குலசாமி ஒச்சாண்டம்மன் என்று அவருக்கு எந்த ஜோசியம் வந்து சொல்லும்? அவர் ஒவ்வொரு சாமியாகச் சொல்ல, இவள் ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்ட, கடைசியில் பக்கத்துக் கட்டில்காரி எரிச்சல் தாங்காமல், "அவ புருஷன் பேரு ஒச்சாண்டி, எழுதிக்கங்க தாயி" என்று முடித்துவைத்தாள். சாமியைக்கூட அவள் பேர் சொல்லிக் கும்பிடுவதில்லை, "நம்ம ஆத்தா" என்பதோடு சரி.

கல்யாணத்தன்று அவள் அம்மா பஞ்சம்மாள் காதோடு சொல்லி அனுப்பியது அது. பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். இதையெல்லாம் நம்புறியா என்று கேட்டால் பாண்டீஸ்வரி நம்பலை என்பாள். அப்ப சொல்லேன் என்றால் சொல்லமாட்டாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒச்சாண்டி மருந்தடிக்கிற ஆள். பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினால் பேச்சு ஓயாது, கையும் ஓயாது. எந்த வயலில் இருக்கிறார் என்று தேடவே வேண்டாம், சத்தத்தை வைத்தே போய்விடலாம். நல்ல மனுசன். பெண்டாட்டியை வீட்டில் "இந்தா" என்று கூப்பிடுவார். சந்தோசமாக இருந்தால் "ஏ புள்ள".

பாண்டீஸ்வரி வேலை பார்த்த தோட்டத்துக்காரர் ஒரு நாள் திராட்சைக் கொடியை அடியோடு வெட்டிவிட்டுத் தென்னை வைத்தார். தென்னைக்குக் கொத்து நறுக்க ஆள் எதற்கு? பொம்பளைகள் எல்லாரும் வேறு வேலை தேடிக் கலைந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து மகளிர் குழுவில், ட்ரோனில் மருந்தடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், பத்தாவது பாஸானவர் யாராவது வருகிறீர்களா என்று கேட்டார்கள். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க, இவள் எழுந்துவிட்டாள். படித்தாள், லைசென்ஸ் வாங்கினாள், பறக்கவிட்டாள். காலையில் டீ ஆறுவதற்குள் ஒரு வயல் முடிந்தது. வயல்காரச் சம்சாரிகள் மூக்கில் விரலை வைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அடுத்த போகத்துக்கு அவளையே கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டார்கள் சரி, அதுவரைக்கும் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்? ஒச்சாண்டியைத்தான். கட்டினவரின் பிழைப்பில் கட்டினவளே மண்ணைப் போட்டுவிட்டாள் என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். "விடுங்கப்பா, எங்க போகுது, வீட்டுக்குள்ளதான வருது" என்று ஒச்சாண்டி அவர்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் வேலையில்லாத பகலில் அந்த ஸ்பிரேயரை எடுத்து வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்ததைத் துடைத்தார். பாண்டீஸ்வரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அதற்குள் தேனி பைபாஸ் ரோட்டில் இருக்கும் பயிற்சி நிலையத்திலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. நிலையத்துக்குத் தலைமை சுந்தர்ராஜ் சார். கறாரான ஆள், சட்டை கசங்காமல் வயலில் நிற்கத் தெரிந்தவர். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார். "இந்த ஒரு பேட்ச்ச நீங்க நடத்துங்க. கடைசியில பரிட்சை வைக்க மெட்ராஸ்ல இருந்து வருவாங்க. அவங்க பசங்களை மட்டும் இல்ல, உங்களையும் பாப்பாங்க. அவங்க சரின்னு சொல்லிட்டா வேலை நிரந்தரம்."

நிரந்தரம் என்ற சொல்லை அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே வந்தாள். யாரோ கொடியை வெட்டினால் கூடவே போய்விடாத வேலை. அவள் ஆயுசில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அது வேண்டும் என்று அவளுக்கு வெறியாகவே இருந்தது.

பேட்ச் ஆரம்பித்த முதல் நாள் வரிசையாக நிற்கிற ஆட்களைப் பார்க்கிறாள். சுருளிப்பட்டி ராக்கையா நிற்கிறார், டிராக்டர் ஓட்டினவர். தேவதானப்பட்டியிலிருந்து விஜயபாண்டி, இன்னும் மீசை சரியாக முளைக்காத பையன், டிகிரி முடித்துவிட்டு வேலை தேடி அலுத்தவன். அவனுக்குப் பக்கத்தில், எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரிக்கொண்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த பத்தாவது மார்க் சீட்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, அவள் புருஷன் நிற்கிறார்.

காலையில் வீட்டில் இட்லி தின்றுவிட்டு "கம்பம் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று கிளம்பின மனுசன்.

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஸ்பிரேயரைத் துடைக்கிறதை விட்டுவிட்டார் என்று மனசு குளிர்ந்தது. குளிர்ந்த மனசு, சுந்தர்ராஜ் சார் பேசத் தொடங்கியதும் அப்படியே உறைந்தது.

"இங்க ஒரே ஒரு விதிதான் முக்கியம்" என்றார் அவர். "வயல்ல ஒரே நேரத்துல மூணு மிசின் பறக்கும். ரெக்கையில கை பட்டா விரல் இருக்காது. அதனால மேடம் மைக்குல உத்தரவு குடுக்குறப்ப முதல்ல பேரு, அப்புறம் உத்தரவு. ராக்கையா, இறக்குங்க. அப்படி. ஓட்டுறவங்க பதில் சொல்றப்பவும் அதே மாதிரி, முதல்ல கூப்பிட்டவங்க பேரு, அப்புறம் பதில். பாண்டீஸ்வரி மேடம், இறக்கிட்டேன். அப்பதான் யாரு யாருக்குச் சொன்னாங்கன்னு குழப்பம் வராது. சரி, எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க மேடம்."

ராக்கையா என்றாள். விஜயபாண்டி என்றாள். அடுத்து வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"அடுத்தவரு" என்றாள்.

"அடுத்தவரா, யாரும்மா அடுத்தவரு?"

"இந்தா நிக்கிறாகள்ல, அவுக."

ராக்கையாவுக்கு விசயம் புரிந்துபோனது. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்கினார். விஜயபாண்டிக்கு அவர் விளக்கிச் சொல்ல, அவனும் குலுங்கினான். ஒச்சாண்டி மட்டும் ரொம்பப் பவ்யமாகக் கையைத் தூக்கி, "உள்ளேன் ஐயா" என்று சுந்தர்ராஜ் சாரைப் பார்த்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பாண்டீஸ்வரி ஒரு யோசனை சொன்னாள். பேருக்குப் பதிலா ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துருவோமா சார்? ஒண்ணு, ரெண்டு, மூணு. சுந்தர்ராஜ் சார் சிரிக்கவில்லை. "மூணுன்னு நீங்க சொன்னா அவர் மூணு மீட்டர் உயரத்துக்கு ஏத்துறதா, இல்ல தன்னைக் கூப்பிடுறீங்கன்னு நிக்கிறதா? பேருதான்மா. அதுல மாத்தமில்ல" என்றார். அந்த மனுசன் சொன்னதிலும் தப்பில்லை.

அப்புறம் ரொம்ப நாள் அவள் ஓட்டிய ஓட்டு இருக்கிறதே, அது தனிக் கலை. புருஷன் பறக்கவிடும் நேரம் பார்த்து மற்ற இரண்டு மிசினையும் இறக்கச் சொல்லிவிடுவாள். ஒரே ஆள் பறந்தால் பேர் எதற்கு? "இப்ப ஏத்துங்க, இப்ப வலது பக்கம் போங்க" என்று காரியத்தை முடித்துவிடுவாள். ஒச்சாண்டியும் "ஆச்சு, ஆச்சு" என்பார், இல்லையென்றால் கையைத் தூக்கிக் காட்டுவார். ஆள் வேலையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். இத்தனை வருசம் வயலுக்குள் நடந்த காலுக்கு எந்த மூலையில் மருந்து விடுபடும் என்று தெரியும், அதனால் அவர் ஓட்டுகிற மிசின் மூலையை விடாமல் சுற்றி வந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது, வெளியே காட்டவில்லை.

மூன்று மிசினையும் ஒன்றாகப் பறக்கவிடுகிற நாள் வந்தது. சுந்தர்ராஜ் சார் வரப்பில் நின்று பார்க்கிறார். எல்லாம் ஒழுங்காகப் போனது. திடீரென்று ஒச்சாண்டியின் மிசின் வயலோரம் நட்ட எல்லைக் கொடியைத் தாண்டப் பார்த்தது. பாண்டீஸ்வரி மைக்கை வாயில் வைத்தாள். நாக்கு பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டின நாக்கைப் பிய்த்துக்கொண்டு வந்தது ஒரே ஒரு சத்தம்.

"ஏங்க, இறக்குங்க."

ராக்கையா கல்யாணமாகி எத்தனையோ வருசமாக வீட்டில் "ஏங்க" என்ற சத்தத்துக்குத் திரும்பிப் பழகினவர். பொசுக்கென்று இறக்கிவிட்டார், அதுவும் வாய்க்காலுக்குள். விஜயபாண்டிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அவர் இறக்கினால் நாமும் இறக்கணும் போல என்று அவனும் இறக்கினான். யாரை இறக்கச் சொன்னாளோ அவர், "யாரை இறக்கச் சொல்றா?" என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு பறக்கவிட்டபடியே நின்றார். வாய்க்காலில் கிடந்த மிசினின் ரெக்கை உடைந்துபோயிருந்தது.

சுந்தர்ராஜ் சார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பழக்கத்தை நான் தப்பு சொல்லலை. எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஆனா பரிட்சை அன்னைக்கும் மூணு மிசின் பறக்கும். மெட்ராஸ்ல இருந்து வர்ற அனுசுயா மேடம் முன்னாடி நீங்க பேர் சொல்லாம விட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த பேட்ச்சுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒச்சாண்டி அவளைச் சமாதானம் செய்தார். "என் ஆயுசு, நான் குடுக்கேன். சொல்லிட்டுப் போவியா."

"ஒங்களுக்கென்ன, சுளுவா சொல்லிப்புட்டீக" என்று அவள் குழம்புச் சட்டியை நங்கென்று இறக்கினாள்.

மகள் ஓவியா காலேஜிலிருந்து வந்து கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா பேரு மூணு எழுத்தா நாலு எழுத்தா, அஞ்சாம்மா? அதச் சொல்ல இம்புட்டுப் பாடா?" என்றவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று பாண்டீஸ்வரி ஒரு தடவை முயன்று பார்த்தாள். "ஒ" வந்தது. மீதி வரவில்லை. தண்ணீர்தான் வீணாய்ப் போனது.

அம்மாவுக்குப் போன் போட்டாள். பஞ்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். வேலை நிரந்தரம் என்றதும் சற்று யோசித்தாள். "அப்ப ஒண்ணு செய்யி. பாதிப் பேரைச் சொல்லு. பாதி ஆயுசுதான போகும்."

"ஏ ஆத்தா, வைய்யி போனை" என்றாள் பாண்டீஸ்வரி.

பரிட்சைக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு வயலைப் பிடித்திருந்தார்கள். அந்த ஒரு விசயத்தில் அவளுக்கு நிம்மதி. நம்ம ஊர் இல்லை, நம்ம சனம் பார்க்காது. அந்த நினைப்போடு வரப்பில் ஏறினவள் பக்கத்து வயலைப் பார்த்ததும் மைக்கை நழுவ விட்டாள். நடவு நடக்கிறது. குனிந்து நாற்று ஊன்றுகிற முதுகுகளில் பாதி முதுகு அவளுக்குத் தெரிந்த முதுகு. எல்லாருக்கும் முன்னால் அடுத்த வீட்டுக் கஸ்தூரியம்மாள். ஊர் விட்டு ஊர் நடவுக்கு வருகிற செட்டு அது, இன்றைக்கென்று இங்கே வந்திருக்கிறது.

"ஏ பாண்டி, என்னடி இங்கன?" என்று கஸ்தூரியம்மாள் நிமிர்ந்து கத்தினாள். "மாப்பிள்ளைக்கு வாத்தியாரம்மாவாமே நீ? ஒழுங்கா படிக்காகளா, அடிக்க வேண்டிருக்கா?"

நடவுப் பொம்பளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்துவிட்டார்கள். இனி நாற்று எங்கே நடுவது?

அனுசுயா மேடம் காரிலிருந்து இறங்கினார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சிரித்த முகம். நடவுக்காரிகளைப் பார்த்து வணக்கம் சொன்னார். இங்கே எதை வைத்து யார் தலை உருளப் போகிறது என்று பாவம் அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆனி கடைசி. சுருளி மலையிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்திருந்த நேரம். தொட்டியில் மருந்து இல்லை, பரிட்சைக்கு வெறும் தண்ணீர்தான். மூன்று மிசினும் கிளம்பின. வலது கோடியில் ராக்கையா, நடுவில் விஜயபாண்டி, இடது கோடியில் தென்னந்தோப்பை ஒட்டி ஒச்சாண்டி. மூன்று பேரும் வரப்பில் தள்ளித் தள்ளி நின்று கையிலிருக்கும் பெட்டியில் விரலால் ஓட்டுகிறார்கள். பாண்டீஸ்வரி நடுவரப்பில் மைக்கோடு நின்றாள்.

"ராக்கையா, உயரத்தைக் குறைங்க."

"பாண்டீஸ்வரி மதினி... மேடம், குறைச்சுட்டேன்."

"விஜயபாண்டி, திருப்புங்க."

"பாண்டீஸ்வரி மேடம், திருப்பிட்டேன்."

மூன்றாவது ஆளுக்கு அவள் உத்தரவே கொடுக்கவில்லை. அவுகளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, தானா ஓட்டி தானா இறக்கட்டும், நான் வாயைத் திறக்காமலே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஒச்சாண்டியும் புரிந்துகொண்டவர் மாதிரி, கோடு கிழித்தது போலப் போய் வந்துகொண்டிருந்தார். சுந்தர்ராஜ் சார் ஓரத்தில் நின்று அவளையே பார்த்தார். 

முக்கால்வாசி முடிந்தது. அப்போதுதான் கஸ்தூரியம்மாளுக்கு டீ நினைப்பு வந்தது. மிசின் பறக்கிற பக்கம் யாரும் போகக்கூடாது என்று காலையிலேயே சொல்லியாயிற்று. சொன்னால் கேட்கிற ஆளா அவள்? டீ கேனைத் தென்னை மரத்தடியில் வைத்திருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேறு சொட்டச் சொட்டப் போய் மரத்தடியில் குத்தவைத்து, கேன் மூடியைத் திறந்தாள்.

அதே நேரம் மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஒச்சாண்டியின் மிசின் ஒரு குலுக்குக் குலுங்கித் தென்னை மட்டையைப் பார்த்து ஒதுங்கியது. ஒச்சாண்டி நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் மிசினுக்கும் மட்டைக்கும் நல்ல தூரம் இருப்பது போலத்தான் தெரியும். பாண்டீஸ்வரி நிற்கிற வரப்பிலிருந்து பார்த்தால் தூரமே இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் ரெக்கை மட்டையில் அடிக்கும். அடித்தால் தொட்டித் தண்ணீரோடு அத்தனை பாரமும் கீழே விழும். கீழே கஸ்தூரியம்மாள் டீயை ஊதிக்கொண்டிருக்கிறாள்.

பாண்டீஸ்வரி மைக்கைத் தூக்கினாள். "ஏ" என்று வாய் எடுத்தது. வாய்க்காலில் உடைந்து கிடந்த ரெக்கை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஏங்க என்றால் ராக்கையா இறக்குவார், விஜயபாண்டி இறக்குவான், இறங்க வேண்டியது இறங்காது.

"ஒச்சாண்டி, நிறுத்து. பின்னால எடு."

நிறுத்துங்க என்றுகூட இல்லை, நிறுத்து.

மைக் நல்ல மைக். வயல், தோப்பு, அதைத் தாண்டி ரோட்டில் போன டவுன் பஸ் வரைக்கும் அந்தப் பேர் போனது. ராக்கையாவின் மிசின் அசையவில்லை. விஜயபாண்டியின் மிசின் அசையவில்லை. இடது கோடியில் இருந்தது மட்டும் சட்டென்று நின்றது, நின்ற இடத்திலிருந்து நேராகப் பின்னால் வந்தது. அங்கிருந்து ஒச்சாண்டியின் குரல் கேட்டது.

"பாண்டீஸ்வரி, நிறுத்திட்டேன். பின்னால எடுத்துட்டேன்."

 கஸ்தூரியம்மாள் டீ டம்ளரைப் பிடித்தபடி, மேலே என்ன நடந்தது என்றே பார்க்காமல், பாண்டீஸ்வரியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். தலைக்கு வந்தது போனதைவிட இவள் வாயிலிருந்து வந்ததுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. டம்ளரைக் கீழே வைத்தாள். நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள் பாருங்கள். நடவு வயலில் இருந்த மொத்தப் பொம்பளைகளும் பின்னாலேயே எடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில்கூட அப்படி ஒரு குலவை கேட்டிருக்காது.

அனுசுயா மேடம் திகைத்துப்போனார். "என்ன சார் சத்தம் இது?"

"நடவுன்னா இப்படித்தான் மேடம். நல்ல சகுனம்" என்றார் சுந்தர்ராஜ் சார், கொஞ்சமும் சிரிக்காமல்.

மூன்று மிசினும் ஒழுங்காகத் தரை இறங்கின. அனுசுயா மேடம் பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "காத்து வந்தப்ப ஒரு உத்தரவு குடுத்தீங்களே, அதுதான் நான் பாக்க வந்தது. பேர் தெளிவு, உத்தரவு தெளிவு. யாருக்கும் குழப்பமே இல்ல. அடுத்த பேட்ச்சும் நீங்கதான்." அப்புறம் ஒச்சாண்டி பக்கம் திரும்பி, "உங்க பதிலும் அப்படித்தான் இருந்துச்சு, பாஸ் பண்ணிட்டீங்க" என்றார். இரண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டிருப்பார்.

கிளம்பும்போது கஸ்தூரியம்மாள் வரப்போரம் வந்து, கேலியை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, மெல்லக் கேட்டாள். "இந்தாடி, அடுத்த பேட்ச்சுல பொம்பளைகளையும் சேப்பீகளா? எங்களுக்கும் நடவு மிசின் வந்துக்கிட்டிருக்கு. எம் மக விஜி பத்தாவது பாஸ்தான்."

"அனுப்பி வைய்யி. ஆனா மரத்தடியில டீ குடிக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பு" என்றாள் பாண்டீஸ்வரி.

சாயங்காலம் ஒச்சாண்டியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பினாள். நிரந்தரம், நிரந்தரம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கூடவே ஒரு உறுத்தல்.

"நிறுத்துன்னு சொல்லிப்புட்டேன். மரியாதை இல்லாம."

"மரியாதையா நிறுத்துங்கன்னு நீ இழுத்து முடிக்குறதுக்குள்ள மட்டையில அடிச்சிருக்கும்" என்றார் ஒச்சாண்டி. "ஆயுசு குறைஞ்ச மாதிரி ஒண்ணும் தெரியல. பசிதான் கூடிருக்கு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவளுக்கு, தோப்பு ஓரத்திலிருந்து வந்த அந்தக் குரல் திரும்பக் காதில் கேட்டது. பாண்டீஸ்வரி, நிறுத்திட்டேன். மேடம் இல்லை, இந்தா இல்லை, ஏ புள்ள இல்லை. அவளுக்கு எங்கேயோ சுருக்கென்றது. இத்தனை நாளும் ஊரே அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அவளும் தன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஆச்சு ஆச்சு என்று கையைத் தூக்கிக் காட்டின ஆளை யாரும் கவனிக்கவில்லை.

"ஏங்க, எம் பேரைச் சொன்னா ஒங்க வீட்டுல யாரும் ஆயுசு குறையும்னு சொல்லி வச்சாகளா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் கல்யாணமானதுல இருந்து ஒருக்காகூடச் சொன்னதில்ல?"

ஒச்சாண்டி வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.  பிறகு, "தெரியல. சொல்லக் கூடாதுன்னு எவனும் சொல்லல. கூப்புடணும்னு எனக்குத் தோணவே இல்ல போலருக்கு" என்றார். அவர் பிடரி சிவந்து போயிருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த அதே இடத்தில் சந்தோசமும் வந்து நின்றது, எதை முதலில் படுவது என்று தெரியவில்லை.

"இன்னொருக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"விதி. கூப்பிட்டா பேரு வேணும்ல."

எதிரே ஒரு லாரி வந்தது. அது போய்த் தொலையட்டும் என்று காத்திருந்துவிட்டு, ஒச்சாண்டி தலையைப் பாதி திருப்பிச் சொன்னார்.

"பாண்டீஸ்வரி."

அவள் அவர் தோளில் கையை வைத்தாள். மைக் இல்லை, அனுசுயா மேடம் இல்லை, தென்னை மட்டையும் இல்லை. நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

"ஒச்சாண்டி, கேக்குது" என்றாள்.